வாசலில் நீ சொன்ன 'இல்லை'

கீர்த்தி,

உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். அனுப்பி இத்தனை மாதமாகியும் அம்மா வாயைத் திறக்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்திருப்பாய். என்ன செய்ய, நான் படித்தது தமிழ் மீடியம். உன் இங்கிலீஷோ கனடா போனபிறகு இன்னும் மெலிந்துபோய், பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் உன் அப்பாவைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டேன். "கதை புரியுதுல்ல? அப்புறம் எதுக்கு வார்த்தைக்கு வார்த்தை நோண்டுற?" என்று சலித்துக்கொண்டார். கதை புரிந்ததுதான் பிரச்சினை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

முதலில் ஒரு வாசகியாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மாவாகிறேன். பனி கொஞ்சம் அதிகம். யாராவது செத்தாலும் பனி பெய்கிறது, யாராவது கல்யாணம் பேசினாலும் பனி பெய்கிறது. போதைமருந்துக் கும்பலுக்குள் வேறு பெயரில் புகுந்து வாழ்கிற உன் போலீஸ்காரன் எனக்குப் பிடித்துத்தான் இருந்தான். ஆனால் நாலு நாள் வீட்டுக்கு வராத புருஷனிடம் "காபி வேண்டுமா" என்று மட்டும் கேட்கிற பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்? எனக்குத் தெரிந்த பெண் எவளும் அவன் சட்டைப்பையைத் துழாவாமல் விடமாட்டாள். ஆனால் மகளின் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அவன் தன்னை மறந்து கும்பலுக்குள் வைத்துக்கொண்ட பொய்ப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிடுகிறானே, அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எழுந்துபோய் வேலையே இல்லாமல் அரிசி களைந்தேன். அதை எழுதியவள் என் வயிற்றில் பிறந்தவளா என்று பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வருகிறது அந்த அத்தியாயம். போலீஸ்காரன் பொய்ப்பெயரில் வாடகைக்குக் குடியிருக்கிற வீட்டு வாசலில் கும்பல் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வீட்டுக்காரியின் சின்னப் பெண்ணிடம், "இவர் உன் மாமாவா?" என்று கேட்கிறார்கள். அவள் "இல்லை" என்கிறாள். அவனை இழுத்துப்போகிறார்கள். பனி உருகும் காலத்தில் ஏரியில் அவன் உடல் மிதக்கிறது. உன் கற்பனையை அந்த ஊர்ப் பத்திரிகைகள் புகழ்ந்திருக்கின்றன என்று மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். கற்பனையாவது ஒன்றாவது. அது இங்கே குவைத்தில், அப்பாசியாவில் நம் ஃபிளாட்டு வாசல். கதவுக்குப் பக்கத்துச் செருப்பு அலமாரியைக்கூட நீ மாற்றவில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீ அச்சிட்டிருந்த ஒற்றை வரியை நான் கடைசியில்தான் பார்த்தேன். 'நான் காட்டிக்கொடுத்த மாமாவுக்கு.' அதைப் பார்த்து நான் திகைத்து உட்கார்ந்திருந்த அதே வாரம், ஊர்ச் சங்கத்து வாட்ஸப்பில் நீ மாமா என்று கூப்பிட்ட செல்வம் இறந்துபோன செய்தி வந்தது. மாரடைப்பு. உன் அப்பா வழக்கம்போல யோசிக்காமல் அதை நம் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். இரண்டு நாள் நீ பேசவே இல்லை. மூன்றாம் நாள் போன் செய்து, மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், அவன் மனைவியைப் பார்த்துக் காலில் விழப்போவதாகவும் சொன்னாய். "ஏழு வயசுல நான் சொன்ன ஒரு வார்த்தையால ஒரு குடும்பம் போச்சும்மா" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதனால் எழுதுகிறேன். நீ உலகமறிய அச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டவள். அதற்கு மறுப்பும் அச்சில் வருவதுதான் நியாயம். செல்வம் என்பது அவன் உண்மையான பெயரல்ல, மதுரையும் அவன் ஊரல்ல. அவன் வீட்டாருக்கு என்னால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அவள் காலில் நீ விழுவதற்கு முன் இதை நீ படித்தாக வேண்டும்.

செல்வம் எப்படி நம் வீட்டுக்கு வந்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. அப்பாசியாவில் அப்போது ஒரு குடும்பம் தனியாக ஒரு ஃபிளாட்டின் வாடகையைச் சுமப்பது கஷ்டம். எல்லோரும் ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். இன்னொரு குடும்பம் வந்தால் சமையலறையில் சண்டை வரும். தனி ஆள் வந்தால் சண்டை இல்லை, ஆனால் குடும்பங்கள் இருக்கிற கட்டடத்தில் பேச்சிலர்களுக்கு அனுமதி இல்லை. இதற்கு ஒரு வழிதான் உண்டு, எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். வருகிறவன் வீட்டுக்காரியின் தம்பியாகிவிடுவான். கட்டடத்தைக் காவல் காக்கிற எகிப்துக்கார ஹாரிஸிடம் நான் செல்வத்தைக் காட்டி "பிரதர்" என்றேன். அவன் என் முகத்தையும் செல்வத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்தக் கட்டடத்தில் எத்தனை தம்பிகள் இருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா!

உன்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம். யார் கேட்டாலும் மாமா, அம்மாவோட தம்பி, ஊர்லேருந்து வந்திருக்காங்க. நீ கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாய். மூன்றாம் மாடிக்கார அக்கா, ஸ்கூல் பஸ்ஸில் வரும் ஆயா, கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி என்று எல்லோரிடமும் தப்பில்லாமல் சொன்னாய். உன் அப்பா பூரித்துப்போனார். "கெட்டிக்காரி, பாரேன்" என்றார். ஒரு குழந்தைக்குப் பொய் நன்றாக வருகிறது என்று பூரித்த அப்பா அம்மா நாங்கள். இன்றைக்கு நீ வேஷம் போட்டு வாழ்கிற போலீஸ்காரனைப் பற்றி எழுதும்போது, ஆராய்ச்சிக்காக எத்தனையோ பேரைச் சந்தித்தேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாய். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். அந்தப் பாடத்தை உனக்கு நம் ஹாலிலேயே நடத்திவிட்டோம்.

பொய் சும்மா இருக்குமா? அதற்கும் தீனி வேண்டும். உனக்குக் காது குத்துவதை ஊருக்குப் போகும்போது செய்யலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். எனக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை, உறவில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணனைப் பிடித்து மடியில் உட்காரவைக்கலாம் என்று திட்டம். உன் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் மாடிக்காரி வந்து, "தாய்மாமன் கையோட இருக்கும்போது எதுக்கு ஊருக்குப் போகணும்? இங்கயே குத்திடலாமே" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? இவன் தாய்மாமன் இல்லை என்றா? பொய்க்குப் பந்தல்போட ஆரம்பித்தால் மாவிலை கட்டித்தானே ஆக வேண்டும்.

செல்வத்திடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "அக்கா, வாடகைக்கு இருக்கிறவன் மடியில புள்ளைய உட்கார வைக்கலாமா? நெசமாவே சொல்றீங்களா?" என்றான். வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டு நிறையப் பழமும் வளையலும் உனக்கு ஒரு பட்டுப்பாவாடையுமாக ஹாலுக்குள் வந்தான். எங்கே தேடி வாங்கினானோ. கூட்டமாக வந்திருந்த பெண்கள், "சீர்னா இதுதான் சீர்" என்று மெச்சினார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ அலறி, அவன் முழங்கையை நன்றாகக் கடித்தாய். ரத்தம் வந்தது. அவன் கையை இழுக்கவே இல்லை. "கடி பாப்பா, நல்லாக் கடி" என்று சிரித்தான். அன்றைக்கு மதியம் பாயசம் குடிக்கும்போது எனக்கு ஒரு நிமிஷம் இவன் நிஜமாகவே என் தம்பிதான் என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்பு அதன்பிறகு என்னைவிட்டுப் போகவே இல்லை, இன்றுவரை.

அவன் என்ன வேலை செய்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. டிரைவர் என்று சொன்னான். விசா ஏஜென்ட் ஒருவனுக்கு வண்டி ஓட்டினான். ஊரிலிருந்து வீட்டுவேலைக்கு, கம்பெனி வேலைக்கு என்று ஆட்களை வரவழைத்து, இல்லாத வேலைக்கு விசா கொடுத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பந்தாடுகிற கும்பல் அது. அந்த ஏஜென்டின் ஆள் ஒருவன் நம் கட்டடத்திலேயே, நமக்கு நேர்மேல் மாடியில் இருந்தான். எங்களுக்கு அது அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது கல்ஃபில் பாதிப்பேர் செய்கிற வேலை. அவன் முகம் சில நாள் செத்துப்போயிருக்கும். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பான். "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்லக்கா, ஏர்போர்ட்லேருந்து அஞ்சு பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தேன்" என்பான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, யூனிபார்மைக் கழற்றாமலே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாய். அப்பா டியூட்டியில். செல்வம் அன்றைக்கு ஏனோ வேலைக்குப் போகவில்லை, அறையில் இருந்தான். பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சாதாரண உடையில் மூன்று பேர், பின்னால் ஹாரிஸ், மாடிப்படியில் அக்கம்பக்கத்தார். சி.ஐ.டி. என்று சொல்லாமலே தெரிந்தது. கல்ஃபில் இருக்கிற யாருக்கும் அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று தெரியும், கனவில் எத்தனையோ முறை அவர்கள் வந்து பெல் அடித்திருப்பார்கள். செல்வம் அறையிலிருந்து வெளியே வந்து நின்றான். ஒருவர் அவனைக் காட்டி யார் என்று கேட்டார். நான் "மை பிரதர்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுக் குனிந்து உன்னிடம், நல்ல இங்கிலீஷில், இவர் உன் அம்மாவின் தம்பியா என்று கேட்டார். நீ எழுந்து நின்றாய். கிளாஸில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாயே, அப்படி. "நோ சார். ஹி இஸ் அவர் பேயிங் கெஸ்ட்" என்றாய்.

இதைப்பற்றி நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன், கீர்த்தி. நீ கோபத்தில் சொல்லவில்லை, பயத்திலும் சொல்லவில்லை. உனக்குப் பொய்யைத் தமிழில்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். இங்கிலீஷில் உன்னிடம் யாராவது கேள்வி கேட்டால் அது பள்ளிக்கூடம், அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். எங்கள் புத்தி அவ்வளவு தூரம் ஓடவில்லை. உன் நாவலில் அந்தச் சின்னப்பெண், மாமா தன் பிறந்தநாளை மறந்ததற்குப் பழிவாங்கத்தான் "இல்லை" என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அது அபாண்டம். ஏழு வயதுப் பெண்ணின்மேல் இத்தனை பெரிய வஞ்சத்தை ஏற்றிவைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? வேறு யாராவது உன்னைப்பற்றி அப்படி எழுதியிருந்தால் நான் அவர்களைச் சும்மா விட்டிருப்பேனா?

"கலாஸ், யல்லா" என்றார் அவர், முடிந்தது, கிளம்பு என்று. செல்வத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. உன்னையே பார்த்துக்கொண்டு படியிறங்கினான். நீ பார்த்தாய். நான் கதவைச் சாத்தினேன். உன் அப்பா வந்ததும் முதல் வேலையாக அவன் அறையைக் காலிசெய்து பூட்டினார். "இனிமே அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். எனக்கும் அதுவே நல்லது என்று பட்டது. பேசாமல் இருந்தால் குழந்தை மறந்துவிடும் என்று நினைத்தோம். பிள்ளை பெற்றவர்கள் செய்கிற முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். நாங்கள் பேசாமல் இருந்ததே உனக்குப் பதிலாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னேன், மாமாவைக் கொண்டுபோய்விட்டார்கள், அம்மா அப்பா அதைப்பற்றிப் பேசவே கூசுகிறார்கள் என்று நீயே கூட்டிக் கழித்துக்கொண்டாய்.

அந்த வீடு அதன்பிறகு வீடாக இல்லை. பூட்டிய அறைக்குள் யாரோ நடமாடுவதுபோல எனக்குக் கேட்கும். அது பழைய ஏ.சி. சத்தம் என்று தெரிந்தும் கேட்கும். குளித்துவிட்டு வரும்போது அவன் போடுகிற தேங்காயெண்ணெய் வாசம் ஹாலில் திடீரென்று வரும், போகும். மூன்றாம் மாடிக்காரி படியில் என்னைப் பார்த்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். "உங்க தம்பியாமே" என்று பக்காலாவில் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நீ சொன்னதை அந்த அதிகாரி ஏனோ கண்டுகொள்ளவில்லை, படியில் நின்றவர்கள் காதில் அது விழவும் இல்லை. தம்பியில்லை என்று நானே சொன்னால் கள்ளத்தனமாகப் பேச்சிலரை வைத்திருந்தது அம்பலமாகி, விசாவுக்கே ஆபத்து. தம்பிதான் என்றால் நான் குற்றவாளியின் அக்கா. நான் அக்காவாகவே இருந்துவிட்டேன். பெல் அடித்தால் நீ செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். உன் அப்பா கதவில் இரண்டாவது பூட்டுப் போட்டார். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் ஒளிந்து வாழ்ந்தோம்.

அந்த வருஷம்தான் உன் ஸ்கூலில் கூப்பிட்டுவிட்டார்கள். பரீட்சையில் எல்லாம் எழுதுகிறாள், ஆனால் கேள்வி கேட்டால் வாயைத் திறப்பதில்லை, காதைப் பரிசோதித்துப் பாருங்கள் என்றார்கள். நாங்களும் அழைத்துப் போனோம். டாக்டர் உனக்கு ஹெட்ஃபோன் மாட்டி, மணி அடித்துப் பார்த்து, காது அருமையாக வேலை செய்கிறது என்றார். நாங்கள் நிம்மதியாக வெளியே வந்து உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தோம். யோசித்துப் பார், நிம்மதியாக! இன்றைக்கு மாப்பிள்ளை என்னிடம், "அத்தை, அவ எந்தக் கேள்விக்கும் நேரா பதில் சொல்லமாட்டேங்கறா. சாப்ட்டியான்னு கேட்டாக்கூட ஏன் கேக்கறீங்கங்கறா" என்கிறார். பாவம், நல்ல மனிதர். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியிலும் உனக்கு வாசலில் குனிந்து நிற்கிற ஆள் தெரிகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல், கீர்த்தி. அதனால் யாரையும் யாரும் பிடித்துப்போக மாட்டார்கள்.

நீ டொராண்டோவுக்குப் படிக்கப்போன பிறகு, உன் அப்பாவின் உறவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்காக நாங்கள் அமீரகத்தில் அல் ஐன் போயிருந்தோம். நான் மட்டும் வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். காய்கறிக் கடையில் ஒருவன் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரை அதட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. தொந்தி விழுந்திருந்தது. என்னைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு, "அக்கா" என்றான். பேயைப் பார்த்தவள்போல நான் பின்வாங்கினேன். "செத்துட்டேன்னு நெனைச்சீங்களாக்கா?" என்று சிரித்தான். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

கடைக்குப் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்தான். அவன் சொன்னதை அவன் வாயாலேயே கேள். "நானும் அந்த ஏஜென்ட் குடுத்த பொய் விசாவுலதான்க்கா வந்தேன். வந்த கொஞ்ச நாள்ல செக்கிங்ல மாட்டுனேன். உள்ள போறியா, இல்ல அவனுங்களைப் புடிக்க ஒதவுறியான்னு கேட்டாங்க. ஒதவுறேன்னேன். அவனுங்ககிட்டயே டிரைவரா சேர்ந்தேன். யாரு வர்றா, யாரு போறா, எந்த ரூம்ல எத்தனை பிள்ளைகளைப் பூட்டி வச்சிருக்கான்னு எல்லாம் நான்தான் சொன்னேன்." நம் வீட்டில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டவன், உன் நாவலில் வருகிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். துப்பாக்கியும் இல்லை, பனியும் இல்லை, ஆபீஸ் போட்டுக்கொடுத்த சம்பளமும் இல்லை.

நான் கேட்டேன், பின்னே உன்னை ஏன் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று. "அது நாடகம்க்கா" என்றான். "அன்னிக்கு ஒரே நேரத்துல எல்லாரையும் தூக்கினாங்க. என்னை மட்டும் விட்டா, காட்டிக்குடுத்தது நான்தான்னு தெரிஞ்சிபோகும். ஊர்ல என் பொண்டாட்டி புள்ளைய உசுரோட விடமாட்டானுங்க. அதனால என்னையும் புடிக்கிற மாதிரி புடிக்கணும். எங்க வச்சிப் புடிக்கலாம்னு கேட்டப்ப, நான்தான் உங்க வீட்டைச் சொன்னேன். மேல் மாடியில அவனுங்க ஆளு இருந்தான்ல, அவன் கண்ணால பார்க்கணும். நேரம் மொதக்கொண்டு பேசிவச்சதுதான்." அதற்குத்தான் அன்றைக்கு அவன் வேலைக்குப் போகாமல் அறையில் காத்திருந்தான். அவர்கள் நம் கதவைத் தட்டுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருந்தது. நீ ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அவன் போயிருப்பான், இல்லை என்றாலும் போயிருப்பான். அங்கே அவனைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே மிச்சமில்லை.

மற்றவர்களோடு சேர்த்து அவனையும் உள்ளே வைத்து, சேர்த்தே ஊருக்கு அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து அமீரகத்துக்கு வந்து இந்தக் கடையில் ஒட்டிக்கொண்டான். வீட்டில் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. கும்பலில் பிடிபட்டவர்களின் உறவினர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரு வார்த்தை கசிந்தால் போதும். பெண்களை வைத்து வியாபாரம் செய்து ஜெயிலுக்குப் போனவன் என்றே அவன் மனைவி நம்பினாள். ஒரே மகன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். "பரவால்லக்கா, உசுரோட இருக்கான்ல, அது போதும்" என்றான். தான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். நான் கொடுத்தேன். உனக்காவது சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எல்லாம் மறந்து, கனடாவில் சந்தோஷமாக இருக்கிறாய் என்று எனக்கு நினைப்பு. மறந்தவளிடம் போய் ஏன் கிளறுவது என்று விட்டுவிட்டேன். இதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று என் நிலையில் யார் இருந்தாலும் அந்தச் சத்தியத்தைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதன் விலையை நீ கட்டியிருக்கிறாய் என்று இந்தப் புத்தகத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது, அதுதான் தாங்கவில்லை.

உன் அப்பாவிடம் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அவன் ரூமைக் காலிபண்ணும்போது அவன் செருப்பைக் குப்பையில போட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், விசா முடிவதற்குள் சாமான்களைக் கட்டவேண்டும், அவர் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

இத்தோடு முடித்தால் நல்ல கடிதமாக இருக்கும். நீ நிம்மதியாகத் தூங்குவாய். நேற்றுவரை இங்கேதான் முடிப்பதாக இருந்தேன். ஆனால் பாதி உண்மையைச் சொல்லி மீதியைப் பூட்டிவைத்தால், இன்னொரு இருபது வருஷம் கழித்து நீ இன்னொரு புத்தகம் எழுதுவாய். அதையும் நான் படித்துத் தொலைக்க வேண்டும்.

அல் ஐன் கடையில் நான் கிளம்பும்போது அவனிடம் ஒன்று கேட்டேன். "எல்லாம் நாடகம்னா அன்னிக்கு எதுக்குப்பா அப்படி அழுத? நடிச்சியா?" அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "இல்லக்கா. அவங்க புடிச்சிட்டுப் போனது நாடகம். பாப்பா என்னை யாரோன்னு சொன்னது நாடகம் இல்லையே. மடியில உட்கார வச்ச புள்ள. அது சரியாத்தான் சொல்லுச்சு, எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்துல தாங்கலக்கா" என்றான். நரைத்த தலையோடு அங்கே உட்கார்ந்து மறுபடியும் அழுதான்.

ஆக, நீ சொன்ன வார்த்தையால் அவன் பிடிபடவில்லை, குடும்பம் அழியவில்லை, ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் அது அவனுக்கு வலித்தது. நீ பார்த்த கண்ணீர் நிஜம். இரண்டும் உண்மை, இரண்டையும் நீ வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வலிக்காக நீ மன்னிப்புக் கேட்க விரும்பினால், அதைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டான். அவன் மனைவியிடம் போய் அதைக் கேட்காதே. அவளிடம் இல்லாததை அவள் எப்படிக் கொடுப்பாள்? நீ அவள் காலில் விழுந்து அழுதால் ஏன் என்று கேட்பாள், நீ சொல்லத் தொடங்குவாய், அவன் ஜெயிலுக்கும் அவமானத்துக்கும் ஈடாகக் காப்பாற்றி வைத்த பிள்ளை அந்த ஊரில்தான் இன்னும் குடியிருக்கிறான்.

அதனால் மதுரை டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு இங்கே குவைத்துக்கு வா. இந்த வீட்டுச் சாவியை நாங்கள் திருப்பிக் கொடுப்பதற்குள் வா. ஏழு வயதுப் பெண்ணுக்குப் பொய்யைப் பழக்கிவிட்டு, அவள் உண்மை சொன்ன அன்றைக்கு அவளோடு பேச மறுத்தவர்கள் இரண்டு பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் நாவலில் எல்லார்மேலும் கோபம் இருக்கிறது, அந்த வீட்டுக்காரிமேல் மட்டும் ஒரு வரி கோபம்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன். வந்து என்னைத் திட்டு, கீர்த்தி. மன்னிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வந்து நன்றாகத் திட்டு.

அம்மா